ஈரப்பதம் 78

ஆயர் ஈத்தாம் கடைகளில் அடுக்கியிருக்கும் பூச்சட்டிகளைப் பார்த்தால், இந்த ஊர் மழைக்குப் பயந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஈர மண்ணை இந்தக் காற்றிலேயே உலர்த்திச் சூளையில் ஏற்றிவிடுகிறார்கள். அதே காற்றில்தான் நம் மினியேச்சர்காரர், கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரனுக்கு வண்ணம் தீட்டுமுன் பிரைமர் அடிக்க நல்ல நேரம் பார்க்கிறார்.

தாமானில் இவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கார் தெருவில் நனையும். கார் போர்ச்சில் ஓர் அட்டைப்பெட்டி சொகுசாக இருக்கும். வீரர்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் மண்டபம் அதுதான். பக்கத்தில் ஈரப்பதமானி. ஒன்றை நம்பமுடியாதென்று இன்னொன்று. இரண்டும் சண்டை போட்டதால் மூன்றாவது.

அவர் பயம் பொய்யில்லை. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துபோகும்; காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுக்கும். கடைசியில் மேட் வார்னிஷ் அடிக்கும்போது இது நடந்தால், கருங்கவச வீரன் விபூதி பூசிய பண்டாரமாகிவிடுவான். சரி, உச்சி வெயிலில் அடிக்கலாமே என்றால், துளிகள் பறக்கும்போதே காய்ந்து மணலாய் ஒட்டும். வெயிலுக்கும் மாலை இடிமழைக்கும் நடுவே சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அப்போது இவர் ஆபீசில் இருப்பார்.

நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று. மார்ச் வரை பேச்சே இல்லை.

"ஏங்க, துணி காயப்போடட்டுமா?"

"இரு, மீட்டர் 78 காட்டுது."

அவர் மூன்றையும் தட்டிச் சரிபார்த்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் துணியைக் காயவைத்து, மடித்து, அலமாரியில் வைத்திருப்பார்.

அலமாரி என்றதும் நினைவுக்கு வருகிறது. அதன் மேல்தட்டு முழுக்க நாட்டிங்ஹாமிலிருந்து வந்த வார்ஹேமர் பெட்டிகள், ஜப்பானிலிருந்து வந்த குண்டம் பெட்டிகள். பாதிக்கு மேல் பிரிக்காதவை. "ஒரு வாரம் வானம் வெளுக்கட்டும், எல்லாத்தையும் முடிச்சிடுறேன்" என்பார். வானம் வெளுத்த வாரத்தில் புதுப் பெட்டி ஆர்டர் செய்தார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் கேட்டான்: "அங்கிள், பிரஷ்லயே அடிக்கிற பிரைமர் இருக்குதானே? வயேஹோ கம்பெனியோடது. மழையிலயும் வீட்டுக்குள்ள உக்காந்து அடிக்கலாம்லா."

அவருக்கு இது தெரியாததில்லை. ஒரு பாட்டில் வாங்கியும் வைத்திருக்கிறார், மூடி திறக்காமல். திறந்தால் அன்றே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருக்குமே!

"அதுல கோடு கோடாத் தெரியும் தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

பையன் கேட்கவில்லை. அடாது மழை பெய்த வாரத்தில் பிரஷ்ஷாலேயே பிரைமர் பூசி, வண்ணமும் தீட்டி, ஒரு வீரனைக் கொண்டுவந்து நீட்டினான். இவர் டியூப்லைட் அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் குறையில்லை. கவசம் சுத்தம். பூதக்கண்ணாடி வந்தது. வலது குதிகாலுக்குப் பின்னால், மயிரிழை கனத்தில் ஒரு கோடு.

அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? நான்தான் அப்பவே சொன்னேனே!"