பரவனாற்றின் மேற்பார்வையாளர்

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பரவனாற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் துண்டு, சோப்பு, தூண்டில், கட்டுச்சோறு எல்லாம் எடுத்துப் போக வேண்டும். அறிவுரை மட்டும் வேண்டாம். அதைச் சொல்ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கரையிலேயே நிற்பார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முந்திரித் தோப்பு ஓரமாக மனை வாங்கி, மாடி வீடு கட்டிக் குடிவந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் முகவரி கேட்டால் நெய்வேலி வட்டம் எண்தான் முதலில் வாயில் வரும். மத்தியானம் என்று ஒரு பொழுது அவருக்கு இல்லை, அது “ரெண்டாவது ஷிஃப்ட் ஏறுற நேரம்.” ஆற்றில் அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. மேற்பார்வை பார்க்கிறவர் எங்காவது இறங்குவாரா?

பையன்கள் மதகிலிருந்து குதித்ததும் அவர் தொடங்குவார்.

“தம்பி, இது ஆத்துத் தண்ணின்னு நெனச்சியா? நாங்க எறச்ச தண்ணி!”

இதில் பொய் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு கிடக்கிறது. அதை ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே கிளம்பிவிடும். இறைத்ததில் ஒரு பங்கு வாய்க்கால் வழியே பரவனாற்றில் சேர்கிறது. அது பெருமாள் ஏரிக்குப் போய், உப்பனாறாகிக் கடலூரில் கடலைத் தொடுகிறது. சுற்றிலும் குளம் குட்டை வறண்ட சித்திரையிலும் இங்கே தண்ணீர் ஓடுவது அதனால்தான். நிலத்தடி நீர்ப் பிரிவில் முப்பது சொச்சம் வருஷம் பம்ப்போடு வாழ்ந்தவர் அந்தத் தண்ணீரைப் பெற்ற பிள்ளையாக நினைத்தால் தப்பு என்ன?

ஆனால் பிள்ளையை அவர் வளர்க்கும் விதம்தான் தாங்க முடியாது. ஆற்றில் முழங்கால் அளவு குறைந்தால் மழை பொய்த்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். “எங்கியோ ஒரு பம்ப் நின்னுருக்கு” என்று போனை எடுத்து, பழைய சகா யாரையாவது எழுப்புவார். யாராவது ஜிலேபிக் கெண்டை பிடித்தால், கேட் பாஸ் கேட்கிற முகத்தோடு கூடைக்குள் எட்டிப் பார்ப்பார். அரிசிச் சட்டியைக் கழுவ வந்த பெண்களிடம் ஒரு நாள் கழிவு நீர் மேலாண்மை பற்றிப் பேசினார். அவர்கள் அடுத்த படித்துறைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு விவசாயி மட்டும் விடவில்லை.

“சார், ஒங்க பம்ப் வந்தப்பறம் எங்க கெணத்துத் தண்ணி எங்க போச்சு? அதையும் சொல்லிட்டுப் போங்க.”

“அது வேற டிபார்ட்மெண்ட்.”

2015 நவம்பரில் பரவனாறு கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. சுரங்கத் தண்ணீரும் சேர்ந்துதான் வந்தது என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. அன்றைக்கு மட்டும் அவர் அடித்துச் சொன்னார்: “அது சுத்தமான மழைத் தண்ணி.”

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்லுக்குள் என்.எல்.சி. இயந்திரங்கள் இறங்கின. அந்த வாரம் பெரியவர் ஆற்றங்கரைப் பக்கமே வரவில்லை. மூட்டு வலி என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம். அவர் பிறந்த ஊரும் ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் போனதுதான். நிலம் கொடுத்ததற்குத்தான் அந்த வேலையே கிடைத்தது. இதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரும், மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறவர், இதைப் பேசுவதில்லை.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மட்டும் குடும்பத்தோடு பெண்ணையாற்றுக்குப் போவார். கடலூர் மாவட்டமே மணலில் உட்கார்ந்திருக்கும். சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து நிற்கும். சிறுவள்ளிக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் பலூன், ஊதல், ராட்டினம். அங்கே அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரு வருஷம் கிழங்கைப் பேரம் பேசி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பேரன் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கிவிட்டார். முங்கி எழுந்து, மூக்கைச் சிந்தி, சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார்.

“இது யார் எறச்ச தண்ணி தாத்தா?” என்று கேட்டான் பேரன்.

“நந்தி மலையிலேர்ந்து வருது. நமக்குக் கன்ட்ரோல் கெடயாது. வாய மூடிக்கிட்டு முங்கு.”