எம்.கே.வுக்கு ஆர்.வி. அன்பளிப்பு

எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. வாங்கிக்கொள்பவர் பெயர் ஓரமாக ஒண்டியிருக்கும். கொடுத்தவர் பெயர் பாத்திரத்தையே ஒரு சுற்று சுற்றி வரும். எழுத்துக்கு இத்தனை காசு என்று கடைக்காரர் கணக்குப் பண்ணுவதால், கைப்பிடிப்புக்காரர்கள் இனிஷியலோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படி யாரோ மிச்சம் பிடித்த சில காசுகள், இத்தனை வருஷம் கழித்து எங்கள் வீட்டில் கலகம் மூட்டின.

ராத்திரி ஆவடி லோக்கல். கொரட்டூரில் கூட்டம் இறங்கியதும், எதிர் சீட்டுக்கடியில் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் தென்பட்டது. மர்மப் பொருளைத் தொடாதீர்கள் என்பார்கள். ஆனால் பெருங்காயம் மணக்கிற வெடிகுண்டை நான் கேள்விப்பட்டதில்லை. காலையில் ஸ்டேஷனில் கொடுத்துக்கொள்ளலாம் என்று அம்பத்தூரில் அதோடு இறங்கினேன்.

மூடியில் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து: ‘எம்.கே.வுக்கு ஆர்.வி. அன்பளிப்பு 4.9.66’.

அது ஞாயிற்றுக்கிழமை, ஆவணி மாதம். கல்யாணப் பரிசேதான். மாப்பிள்ளை டி.ஐ. சைக்கிள் கம்பெனி, கொடுத்தவர் டன்லப்பில் வேலை பார்த்த சிநேகிதர் என்று நான் முடிவு கட்டினேன். அந்த ஜூன் 6-ஆம் தேதிதான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள், 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆகிவிட்டது. ஊரே அரிசிக்குத் திண்டாடிய சமயம். அப்போது போய் மூன்றடுக்குக் கேரியர் கொடுத்தவர் தாராளப் பிரபுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நையாண்டிக்காரராக இருக்க வேண்டும்.

“உங்களுக்கு எல்லாரும் ஃபேக்டரிதான். ஆர்.வி. ஒரு பொண்ணுங்க. முழுப் பேரைப் போட முடியாத நிலைமை. அதான் இனிஷியல்” என்றாள் மனைவி. கண்கூடக் கலங்கிவிட்டது.

அம்மா அசரவில்லை. “இவ்ளோ பெரிய எழுத்துல பேர் வெட்டினது அத்தைக்காரியாத்தான் இருக்கும். உங்க அத்தை குடுத்த அண்டாவைப் பாத்ததில்லையாடா?”

பார்த்திருக்கிறேன். அதில் அத்தையின் ஊர், தெரு எல்லாம் இருக்கும். கதவு எண் மட்டும்தான் பாக்கி.

பிறகுதான் கேரியரைத் திறந்தோம். கீழ் அடுக்கும் நடு அடுக்கும் துடைத்துவிட்டாற்போல் காலி. மேல் அடுக்கில் பாகற்காய்ப் பொரியல், வைத்தது வைத்தபடி.

காதல் கதை அங்கேயே கலைந்தது. “இது மறந்துட்டுப் போனதில்ல. விட்டுட்டுப் போனது” என்றாள் மனைவி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அது இங்கே வேண்டாம். அம்மாவோ, எச்சில் பாத்திரம் ராத்திரி தங்கக் கூடாது என்று, இருந்த ஒரே தடயத்தையும் சபீனா போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்.

தூக்கம் வராமல் சட்டத்தைப் புரட்டினேன். மெக்காலே வரைவு தயாரித்து, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இந்த விஷயத்தை அக்கறையோடு அலசுகிறது. சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் சாலையில் கிடந்த ஒரு ரூபாயை எடுத்தால் குற்றமில்லையாம். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உடையவரைத் தேடாமல் உடனே விற்றால் குற்றமாம். சட்டத்துக்கு இப்போது பெயரும் எண்ணும் மாறிவிட்டன. பாகற்காயைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

காலையில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். நோட்டைப் பிரித்தவர், “அடையாளம் சரியாச் சொல்றவங்ககிட்டதான் குடுக்கணும். உள்ள என்ன சார் இருந்துது?” என்றார்.

“பாகற்காய்ப் பொரியல். தொடவே இல்லை.”

பேனா நின்றது. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டுக்காரம்மா வந்து கேட்டா ஒத்துக்குவாங்க சார். அவரு வந்தா, ‘காலியாத்தான் இருந்துது’ம்பாரு. யாருகிட்ட குடுக்கறது?”