ஆடிப் பதினெட்டு உறுத்தலியல்

உறுத்தலாவது யாதெனின், கண்ணிலோ செருப்பிலோ மணல் புகுந்தால் உண்டாவது. காவிரியில் மணல் போன பிறகும் உறுத்தல் மட்டும் எப்படி நிற்கிறது என்பாருக்கு விடை பின்னே வரும். இவ்வியல், ஆடிப்பெருக்கன்று திருச்சிப் பக்கத்துப் படித்துறையில் தேங்காய்ச் சாதத்துக்கும் புளியோதரைக்கும் நடுவே ஒருவனுக்கு நேரும் உறுத்தலை மட்டும் ஆராயும். போகிப் புகையையும் பிள்ளையார் கரைப்பையும் சேர்த்தால் நூல் பெருகும்.

'பெருக்கு' என்பது இருபொருள் ஒருசொல். நீர் பொங்கி வருவது ஒன்று; விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவது மற்றொன்று. முன்னோர் முதற்பொருளில் விழா எடுத்தார்கள். பொக்லைன் இறங்கிய பின் ஆற்றில் இரண்டாம் பொருளே நிலைபெற்றது.

இனி வகை. இலக்கணம் மறந்தவர்க்கும் விளங்க, வினைவழியே பகுப்போம்.

பிறவினை உறுத்தல், மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்காத ஆண்டுகளில் தோன்றும். குற்றம் முழுக்கக் கர்நாடகத்தின் தலையில். 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று விசாரித்தபடி இரண்டாம் முறையும் சோறு வாங்கலாம்.

செயப்பாட்டுவினை உறுத்தலுக்கு எழுவாய் கிடையாது. 'மணல் அள்ளப்பட்டது' என்போம். லாரிக்கு நம்பர் இருந்தும் வாக்கியத்தில் ஆள் இல்லை. படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்பு மேட்டில் நின்றுவிடும். ஆற்றில் ஓடும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கிணறும் கீழே போகும். இத்தனையும் தானாக நடந்ததுபோல் சொல்ல, 'படு' என்ற துணைவினை ஒன்றே போதும். தமிழின் வளம்!

மூன்றாவது ஆகுபெயர் உறுத்தல். (வினைவழிப் பகுப்பில் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர் வேறு நூல் பார்க்க.) ஆறு வறண்ட ஆண்டுகளில் அம்மா மண்டபத்தில் ஷவர் வைத்தார்கள். அதனடியில் நின்றுவிட்டு, 'காவிரியில முழுகிட்டு வந்தேன்' என்றோம். இடவாகுபெயர்.

அப்படியோர் ஆடியில் என் அத்தை காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் தட்டில் அடுக்கிவிட்டு, அம்மன் பிடிக்க மணல் தேடினாள். படித்துறைக்குக் கீழே களியும் சீமைக்கருவேலமும்.

"டேய், அங்க வீடு கட்டுறாங்கல்ல, கேட்டுட்டு ரெண்டு கை அள்ளிட்டு வா."

கொண்டுவந்தேன். எம்-சாண்ட். மஞ்சள் தண்ணீர் விட்டுப் பிசைந்தும் அம்மன் சாம்பல் நிறம் மாறவில்லை. அத்தை விரலை உதறிக்கொண்டாள்.

"என்னடா, இந்தக் குத்துக் குத்துது?"

"மலைய ஒடச்சு அரைச்சது, அத்தை."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குங்குமம் வைத்தாள். "மலையும் அவ பொறந்த வீடுதானே."

இந்த வாக்கியத்தை எவ்வகையில் சேர்ப்பதென்று உரைகாரனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

புறனடை: ஆறு நிறைந்தால் உறுத்தல் இல்லை என்பார் ஒரு சாரார். 2018 ஆடியில் வெள்ளம் வந்தது; பூவும் பழமும் விட்டு, திருமண மாலைகளையும் விட்டு மகிழ்ந்தோம். ஆகஸ்ட் 22 அன்று, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணையில் ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. மணல் எடுத்ததால் என்றார் பலர். வயசாகிவிட்டது என்றார் சிலர். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

எஞ்சியது தன்வினை உறுத்தல். இதற்கு எழுவாய் உண்டு. 1998-இல் எங்கள் வீட்டுக்கு இறங்கிய ஆற்று மணல் பதினாறு யூனிட். யூனிட்டுக்கு நூறு கன அடி. ஒரு லோடில் அளவு குறைகிறதென்று லாரிக்காரரோடு சண்டை போட்டு, அரை யூனிட் கூடக் கொட்ட வைத்தவன் நான்.