டாலி ஆனாப் போதுமா, அம்மிணி?

வா அம்மிணி, உக்காரு. காலேஜ்ல எடம் கெடச்சிருச்சாமா. உன்ற மாமன் இப்பவே இன்கம் டேக்ஸை எப்படிக் கட்டாம உடறதுன்னு உங்கிட்டக் கேக்கக் காத்துக்கிட்டிருக்கறான். டீக்கடைக்காரரு ஜிஎஸ்டி நோட்டீசை மஞ்சப்பையில போட்டு எடுத்து வெச்சுட்டாரு. நீ இன்னும் காலேஜ் வாசப்படியக்கூட மிதிக்கல!

நீ சேந்திருக்கறது பி.காம். சி.ஏ. உன்ற அப்பத்தா அந்த சி.ஏ.வைப் பாத்துப்போட்டு, பேத்தி ஆடிட்டராவே ஆயிட்டான்னு மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெக்கறதா நேந்துகிட்டா. அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்னு நான் வாயே தொறக்கல. வெக்கற பொங்கலை எதுக்குக் கெடுக்கோணும்?

நெசமான சி.ஏ.வுக்குப் பாதை வேற. காமர்ஸ் டிகிரியில 55 சதம் வாங்கிட்டீன்னா ஃபவுண்டேஷன் பரிட்சை இல்லாமயே நேரா இன்டர்ல போயி நிக்கலாம். அங்க ரண்டு குரூப்பு, குரூப்புக்கு மூணு பேப்பரு. ஒவ்வொரு பேப்பர்லயும் 40 வாங்கோணும், குரூப்பு மொத்தத்துல பாதி வாங்கோணும். கணக்குல 90 வாங்கிப்போட்டு, சட்டத்துல 39-ல நின்னீன்னா அந்தக் குரூப்பு போச்சு. ஒத்தை மார்க்குக்குச் சிபாரிசு புடிக்கலாம்னு பாக்காத. உன்ற மாமனுக்குத் தெரிஞ்ச கட்சிக்காரங்க யாரும் அங்க இல்ல.

ரண்டு குரூப்பையும் தாண்டுனாத்தான் ஆர்ட்டிகிள்ஷிப். முன்ன மூணு வருஷம், இப்ப ரண்டாக் கொறச்சுட்டாங்க. ஏசி ரூம்ல உக்காத்தி வெச்சுக் காப்பி குடுப்பாங்கன்னு நெனச்சிருப்ப. மார்ச் 31-ந் தேதி வெயில்ல, குடோன் தூசிக்குள்ள போயி மூட்டை எண்ணச் சொல்வாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம எண்ணு அம்மிணி. உன்ற படிப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

ஏன்னு கேளு. உன்ற புஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்தேன். லூக்கா பேசியோலின்னு ஒரு கிறிஸ்தவச் சாமியாரு, 1494-ல வெனிஸ்ல ஒரு கணக்குப் புஸ்தகம் போட்டிருக்கறாரு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. அவரா ஒண்ணும் கண்டுபுடிக்கல. அந்த ஊரு யாவாரிங்க எழுதிக்கிட்டிருந்ததை அச்சுல ஏத்துனாரு, பேரு அவருக்கு வந்திருச்சு. போகட்டும். அதுக்கப்பறம் ரண்டு பக்கமும் கூட்டி, டாலி ஆனாச் சந்தோசப்பட ஆரம்பிச்சவங்கதான், இன்னும் நிறுத்தல.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில காலம்பூராச் சிட்டையும் பேரேடும் எழுதுனவன் சொல்றேன், கேட்டுக்க. வராத மூட்டையை வந்ததா எழுதி, குடுக்காத காசைக் குடுத்ததா எழுதுனா அதுவும் டாலி ஆகும். வந்த சரக்கை எழுதவே இல்லைன்னா அப்பவும் டாலி ஆகும். பொய்யன் எழுதுன கணக்கு சில்லறை பைசாகூடத் தப்பாது. ஏன்னா அவன் உக்காந்து நிதானமா எழுதியிருப்பான்.

நம்ப மாட்டயா? 2009 ஜனவரியில சத்யம் கம்பெனி சேர்மேன் ராமலிங்க ராஜு தானாவே லெட்டர் எழுதினாரு: பேங்குல இருக்கறதாக் காட்டுன பணத்துல 5,040 கோடி ரூவா இல்லவே இல்லைன்னு. காட்டுனது மொத்தம் 5,361 கோடி. பெரிய பேரு எடுத்த ஆடிட்டருங்கதான் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. இருப்பு இருக்குதான்னு பேங்குகிட்ட நேரா எழுதிக் கேட்டு, பதிலை நேரா வாங்குற சோலியத்தான் ஒழுங்காப் பாக்கல. டவுன் பஸ்ல டிக்கெட் பணம் போக மிச்சத்தை நாம எண்ணி வாங்குறோம். 5,000 கோடின்னா எண்ண ஆளுங்களுக்குக் கூச்சமா இருக்கும் போல.

எங்க மண்டியிலயும் ஒரு முதலாளி இருந்தாரு. விரலி மஞ்சள் வெலை ஏறப்போவுதுன்னு காத்துல சேதி வந்தா, "கணக்கரே, இருப்பையெல்லாம் ஏறப்போற வெலைக்கே எழுதிப்போடு, பேங்குல லோன் கேக்கோணும்"ம்பாரு. "எழுதிரலாமுங்க, அந்த வெலைக்கு வாங்கிக்கற ஆளு பேரை மட்டும் சொல்லிப்போடுங்க"ன்னு பேனாவைத் தொறந்து வெச்சுக்குவேன். அன்னைக்கு முழுக்க எங்கூடப் பேச மாட்டாரு. அடக்க வெலை, வித்தாக் கைக்கு வர்ற வெலை, ரண்டுல எது கொறச்சலோ அதுல எழுதுன்னு உன்ற காலேஜ்ல சொல்லிக் குடுப்பாங்க. விக்காத சரக்குக்கு லாபம் எழுதாதேங்கறதை எங்களுக்கு மஞ்சளே சொல்லிக் குடுத்துச்சு. குடோன்ல கெடந்து காஞ்சு எடை கொறையறப்ப அது முதலாளி முகத்தைப் பாக்காது.

உன்ற பெரியத்தை, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஆடிட்டரு வேலைன்னாளாமா. அவகிட்டச் சொல்லு: நம்ம மெட்ராசுல சிவபோகம்னு ஒரு அம்மா, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி வந்து, 1933-லயே கணக்காளரா ஆயிட்டாங்க. இந்தியாவுலயே மொத பொம்பளை. சி.ஏ. இன்ஸ்டிடியூட் வந்ததே 1949-லதான். கேட்டுப்போட்டுப் பெரியத்தை வாயை மூடிக்க மாட்டா. ஆனா அடுத்த கேள்விக்கு யோசிக்க ஒரு வாரம் ஆகும்.

பரிட்சைக்கு கைடு வாங்கிக்க, வேண்டாங்கல. ஜெராக்ஸ் கடையில வரப்போற கேள்வின்னு வித்தா அதையும் வாங்கிக்க, பொட்டலம் மடிக்க ஆகும். ஆனா எந்தப் பேப்பரைப் பாத்தாலும் மூணு கேள்வி கேளு: பில்லு எங்க, சரக்கு எங்க, காசு எங்க? புரியலைன்னாப் புரியலைன்னு சொல்லு. உன்ற மாமன் வந்து, "சொந்தத்துக்குள்ள என்ன கண்ணு, சும்மா ஒரு கையெழுத்து"ம்பான். மத்தியானச் சோறு போட்டு அனுப்பு, கையெழுத்துப் போடாத. அந்தத் தெகிரியம் ஒண்ணு வந்திருச்சுன்னா நீ ஆடிட்டரு. வரலைன்னா எத்தனை பட்டம் வாங்குனாலும் நீ கூட்டல் மிசினுதான்.

பீஸு நான் கட்டறேன். ரசீதை மட்டும் பத்திரமா எடுத்து வையி. வருசக் கடைசியில உன்னை ஆடிட் பண்ணப்போறது நானு.