மௌனத் தீவில் ஒரு பி.டி. மாஸ்டர்

இத்தாலிக்கு ஏரி பார்க்கப் போகிறவர்கள் கோமோவுக்குப் போவார்கள். அங்கே ஹாலிவுட் நடிகர்களின் மாளிகைகளை, அதாவது அவற்றின் மதில் சுவர்களை, படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் மஜ்ஜோரே, கார்தா என்று சொல்லுவார்கள். ஓர்த்தா என்று யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு விசா வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட், அப்படி ஓர் ஏரியே கிடையாது என்று சாதித்தார். மொத்தரோனே என்கிற மலை, மஜ்ஜோரே ஏரிக்கும் ஓர்த்தாவுக்கும் நடுவே படுத்துக்கொண்டு இதை மறைத்துவிடுகிறது. மலையே மறைக்கும்போது ஏஜெண்ட்டைச் சொல்லி என்ன பயன்?

அந்த ஏரியின் நடுவில் ஒரு தீவு: சான் ஜூலியோ. 275 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம். கரையிலிருந்து 400 மீட்டர் தூரம். கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. இருப்பதே ஒரு சந்துதான், அது தீவை ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும். அந்தச் சந்துக்கு மௌனப் பாதை என்று பெயர். இந்த இடத்துக்கு நான் யாரைக் கூட்டிக்கொண்டு போனேன் என்பதுதான் விஷயம்.

என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த பள்ளியில் விசில் இருந்தது, அவருக்குத் தேவைப்படவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் வேலி தாண்டப் பார்க்கிற பையனை இந்தக் கோடியிலிருந்தே உட்கார வைக்கிற குரல். வீட்டில் அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டில் தலையை ஆட்டுவார்கள். அவருடைய மகன் மிலானில் படிக்கிறான். "மாமா, நீங்களும் அத்தையும் ஓர்த்தாவுக்குப் போயிட்டு வாங்க, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அவன் அன்போடு சொன்னபோது நான் நெகிழ்ந்துவிட்டேன். அவன் குடியிருக்கும் ஃபிளாட்டின் கீழ் வீட்டு அம்மாள் முந்தின இரவு விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தது எதற்காக என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓர்த்தா ஊரின் நடுவே, ஏரியைப் பார்த்தபடி மோத்தா சதுக்கம். அங்கிருந்து சின்ன மோட்டார் படகு. ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் தீவு வந்துவிடுகிறது. 4ஆம் நூற்றாண்டில் புனித ஜூலியோ இதே தூரத்தைக் கடக்க ரொம்பச் சிரமப்பட்டார் என்பது கதை. அவரும் அவருடைய சகோதரர் ஜூலியானோவும் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள். கோயில் கட்டுவதே தொழில். 99 கட்டி முடித்தாயிற்று. நூறாவதுக்கு இடம் தேடும்போது இந்தத் தீவு கண்ணில் பட்டது. தீவு நிறையப் பாம்புகளும் ஒரு டிராகனும் இருந்ததால் எந்தப் படகோட்டியும் வர மறுத்தான். புனிதர் தன் மேலங்கியைத் தண்ணீரில் விரித்து, அதன்மேல் ஏறி, கைத்தடியால் துழாவிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், பாம்புகளை விரட்டினார், நூறாவது கோயிலைக் கட்டினார்.

இதைச் சொன்னதும் மைத்துனர் கொஞ்சமும் அசரவில்லை. "துணிதானே மாப்ளே? நம்ம அப்பர் கல்லுல வந்தாரு!" என்றார். படகோட்டி திரும்பிப் பார்த்தார். அந்த மோட்டார் சத்தத்தையும் மீறி ஒரு மனிதக் குரலை அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

தீவில் கால் வைத்ததும் பலகைகள் ஆரம்பமாகின்றன. சந்தின் சுவரில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக, மௌனத்தைப் பற்றிய சிந்தனைகளைப் பல மொழிகளில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு திசையில் நடந்தால் மௌனம். வட்டத்தை முடித்துத் திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் பலகையின் பின்பக்கத்தில் தியானம். ஒரே சந்தை இரண்டு பாடமாக நடத்துகிற சாமர்த்தியம்.

எழுதியவர்களின் நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் மனித சுபாவத்தை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பலகையைப் பார்த்தால் சும்மா போகிறவன் யார்? எங்களுக்கு முன்னால் போன ஜெர்மன்காரர் தன் மொழியில் உரக்க வாசித்தார். பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று குழந்தைகளை நிறுத்தி வைத்து ஒப்பிக்கச் சொன்னது. இத்தாலியப் பாட்டி ஒருத்தி வாசித்துவிட்டு அதை மறுத்து ஏதோ வாதாடினாள். என் மனைவி ஆங்கிலத்தைப் படித்துத் தன் அண்ணனுக்குத் தமிழில் விளக்கினாள். மௌனத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை மொழியில் பேசி நான் எங்கும் கேட்டதில்லை. பலகைகளைக் கழற்றிவிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும் என்பது என் தாழ்மையான கருத்து.

மீதிப் பாதி எங்களுடையது. மைத்துனருக்கு இந்த அமைதி மிகவும் பிடித்துப் போயிற்று. பிடித்த எதையும் அவர் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். உடனே வீடியோ கால்.

"அம்மா! கேக்குதா? இங்க சத்தமே இல்லம்மா!"

"சத்தமே கேக்கலயேடா. போன் ரிப்பேரா?"

"போன் நல்லாத்தான் இருக்கு! ஊரே அப்படி! யாரும் பேசக் கூடாதாம்!"

"ஏன்டா, யாரு செத்தது?"

மேலே ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. பிறகு அடுத்தது. ஜெர்மன்காரர் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார். அந்தக் கல் சந்தில் அது பிரஷர் குக்கரை விடப் பலமாகக் கேட்டது. "சும்மா இருங்கண்ணே" என்று மனைவி கெஞ்சினாள். "நான் என்ன பாட்டா பாடுறேன்? மெதுவாத்தானே பேசுறேன்" என்றார் அவர். அவர் அளவில் அது உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரித் தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர் தெரியும் என்று நினைத்துத்தானே போகிறோம்? இங்கே சந்தின் இரண்டு பக்கமும் வீடும் மதிலுமாக அடைத்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் வீட்டுக்காரர்களுக்குத்தான். எங்கோ ஓர் இடுக்கில் படிக்கட்டு இறங்கும் இடத்தில் மட்டும் ஏரி எட்டிப் பார்க்கும். அங்கே நின்று படம் எடுக்க ஒரு வரிசை.

தீவின் பெரிய கட்டடத்தில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள். 1973இல் அன்னை அன்னா மரியா கானோப்பியும் இன்னும் சிலரும் வந்து தொடங்கிய மடம். வெளியே வருவதில்லை, ஜெபம், படிப்பு, பழைய திருவுடைகளையும் துணிகளையும் நூல் நூலாகப் பழுது பார்ப்பது. மௌனம் அவர்களுடைய சொத்து. நாம் அதைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான்.

இப்போது நிற்கும் கோயில் 12ஆம் நூற்றாண்டின் பாணி. உள்ளே கரும்பச்சைக் கல்லில் செதுக்கிய பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது. அதற்காகவே இன்னொரு தடவை படகேறலாம். கல் பக்கத்து ஊரான ஓய்ராவில் வெட்டியது. ஒன்றையொன்று கடித்துக் குதறும் மிருகங்களைச் செதுக்கிய அந்தச் சிற்பி, நிச்சயமாக மௌனப் பாதையில் நடந்து பழகியவன் அல்ல. குருவானவர்கள் திருவுடை மாற்றும் அறையில் டிராகனின் முதுகெலும்பு என்று ஓர் எலும்பைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்கள். திமிங்கல எலும்பாக இருக்கலாம் என்பது படித்தவர்கள் கட்சி. மலை நாட்டு ஏரிக்குத் திமிங்கலம் எப்படி வந்தது என்று கேட்டால், டிராகன் எவ்வளவோ நம்பும்படியாக இருக்கிறது.

இந்தத் தீவின் பழைய சங்கதிகளைத் தோண்டினால் மௌனம் எங்கேயும் அகப்படாது. 962இல் ஜெர்மானிய மன்னன் ஓட்டோ தீவை முற்றுகையிட்டான். இத்தாலி மன்னன் இரண்டாம் பெரெங்காரின் ராணி வில்லா உள்ளே இருந்துகொண்டு தாக்குப்பிடித்தாள். அந்த முற்றுகைக்கு நடுவே, காவலிருந்த ஒரு வீரனின் வீட்டில் குழந்தை பிறந்தது. வெளியே யுத்தம், உள்ளே பிள்ளை அழுகை. அந்தப் பிள்ளைதான் வோல்பியானோவின் குல்யெல்மோ; வளர்ந்து துறவியாகி ஊர் ஊராகப் போய் மடங்களைச் சீர்திருத்தியவர்.

ஆனால் எனக்குப் பிடித்த சத்தம் கற்பனைச் சத்தம். ஏரியின் வடகோடியில் உள்ள ஒமேஞாவில் 1920இல் பிறந்தவர் ஜான்னி ரொதாரி. குழந்தைகளுக்கு எழுதி ஆண்டர்சன் விருது வாங்கியவர். 1978இல் அவர் எழுதிய ஒரு நாவல் இந்தத் தீவில் நடக்கிறது. பாரன் லம்பெர்த்தோவுக்கு வயது 93. வியாதிகள் 24, வங்கிகளும் 24. எந்த வியாதி எது என்று அவருக்கு நினைவிருக்காது. அன்செல்மோ என்கிற வேலைக்காரன் பட்டியலை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பான். யாருடைய பெயர் ஓயாமல் உச்சரிக்கப்படுகிறதோ அவன் சாவதில்லை என்று எகிப்தில் ஒருவர் சொல்லக் கேட்டு வந்த பாரன், மாடி அறையில் ஆறு பேரைச் சம்பளத்துக்கு வைக்கிறார். வேலை ஒன்றே ஒன்று: இரவும் பகலும் மாறி மாறி "லம்பெர்த்தோ, லம்பெர்த்தோ" என்று சொல்ல வேண்டும். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பாரனுக்கு முடி முளைக்கிறது, சுருக்கம் மறைகிறது. சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன் அந்த ஆறு பேருக்கும் தூக்க மருந்து கொடுக்கிறான். பாரன் செத்துப் போகிறார். சவ ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் செத்தவர் பெயரைச் சொல்லாமல் இருக்குமா? சொல்லச் சொல்ல, பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வருகிறார்.

நாம ஜெபம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. எனக்கு வேறொரு சந்தேகம் தீர்ந்தது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று நம் பெரியவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்களே, அந்தக் காலத்து ஆண்கள் அப்படி அற்ப ஆயுளில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. இனி நீ என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று மனைவியிடம் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன். "எப்படிக் கூப்பிட்டாலும் நீங்க வரப்போறதில்ல" என்றாள்.

கரைக்குத் திரும்பியதும் இன்னொரு தகவலை அவிழ்த்துவிட்டேன். பக்கத்து ஏரிகளின் தண்ணீர் பெரும்பாலும் தெற்கே வழிகிறது; ஓர்த்தாவோ வடக்கே, ஆல்ப்ஸ் மலைப் பக்கமாக, நிகோல்யா என்கிற சிற்றாறாக ஒமேஞா வழியே வெளியேறுகிறது. ஒமேஞாக்காரர்களுக்கு இதில் பெரிய பெருமை. எங்கள் ஆறு மேலே ஏறுகிறது, எங்கள் சட்டத்தை நாங்களே போட்டுக்கொள்வோம் என்பது அவர்கள் வழக்கில் உள்ள வீறாப்பு. (அந்தத் தண்ணீரும் சுற்றிச் சுற்றி மஜ்ஜோரேயில் விழுந்து, கடைசியில் தெற்கே போ நதிக்குத்தான் போகிறது. அதை அவர்கள் சொல்வதில்லை.)

"வடக்கே ஓடுதா? அப்ப உத்தரவாகினி!" என்று மனைவி படித்துறையில் இறங்கித் தலையில் தெளித்துக்கொண்டுவிட்டாள். அதன் பிறகுதான் மிலானில் இருக்கும் மைத்துனர் மகன் போனில் மீதியைச் சொன்னான். 1926இல் தென்கோடிக் கொசானோவில் ஒரு செயற்கைப் பட்டு ஆலை வந்தது. தாமிரமும் அம்மோனியமும் கலந்த கழிவை ஏரியில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே மீன் செத்தது, நீர் அமிலமாயிற்று. தண்ணீர் மட்டும் தெள்ளத் தெளிவாக இருந்ததாம். உயிர் இல்லாத தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கும். பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1989லும் 1990லும் 10,000 டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் தூளைக் கரைத்து ஏரி முழுக்கத் தெளித்தார்கள். நம்மூரில் கிணற்றைத் தூர் வாரிச் சுண்ணாம்பு போடுவது போலத்தான். கிணறு 13 கிலோமீட்டர் நீளம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஏரி பிழைத்துக்கொண்டது, மீன் திரும்பிவிட்டது, ஜனங்கள் நீந்துகிறார்கள். சாமியார் மேலங்கியில் மிதந்ததைவிட எனக்கு இது பெரிய அற்புதமாகப் பட்டது. ஆனால் இதற்கு அங்கே யாரும் ஒரு பலகை தொங்கவிடவில்லையே என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி, அதையும் அவர் உரக்கத்தான் கேட்டார்.

ஊருக்குப் பின்னால் உள்ள குன்றின்மேல் புனித பிரான்சிஸ்குவின் வாழ்க்கையைச் சொல்லும் 20 சிறு கோயில்கள். 1882 மே மாதம் தத்துவஞானி நீட்ஷேயும் லூ சலோமே என்கிற ரஷ்ய இளம்பெண்ணும் அங்கே நடக்கப் போய் நெடுநேரம் இறங்கவில்லை. கீழே காத்திருந்த பெண்ணின் தாயாருக்கு ஏகப்பட்ட கோபம். மேலே முத்தம் கொடுத்தாரா இல்லையா என்று உலகம் இன்னும் ஆராய்கிறது. கேட்டபோது லூவே நினைவில்லை என்று சொல்லிவிட்டார். எங்களில் யாருக்கும் குன்று ஏற முழங்கால் ஒத்துழைக்காததால் இந்த ஆராய்ச்சியில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

போக விரும்புகிறவர்கள் மிலானிலிருந்து நொவாரா வந்து, தொமொதோசொலா போகிற வண்டியில் ஓர்த்தா-மியாஸினோவில் இறங்கலாம். ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. இறங்கும்போது சுகம், திரும்பி ஏறும்போது தெரியும். வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கோமோவை விட்டுவிட்டு இங்கே போனால் நஷ்டமில்லை என்று நான் எழுதியே தருகிறேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மைத்துனர் துணைக்கு வரத் தயாராக இருக்கிறார். டிக்கெட் செலவு உங்களுடையது. அந்தச் சமயத்தில் மிலானில் அவர் தங்குவதற்கும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.