நூற்றுக்கு எத்தனை தரகு?

எங்கள் விருதுநகரில் தரகு வாங்குகிறவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மல்லி, வத்தல், உளுந்து, நல்லெண்ணெய் என்று எது கைமாறினாலும் நடுவில் ஒருவர் நிற்பார். அவருக்கு ஒரு பங்கு போகும். ரேடியோவில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மண்டியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன், தரகு பாவமில்லை. ஆனால் பட்டியலில் அது தனி வரியாக இருக்க வேண்டும். தரகு இவ்வளவு, எடைக்கூலி இவ்வளவு, ஏற்றுக்கூலி இவ்வளவு, சாக்கு இவ்வளவு. சொல்லாமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை மண்டிக்குள் உரக்கச் சொன்னால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது.

இப்படி வளர்ந்தவனுக்குத்தான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து போன் வருகிறது.

"வணக்கம் சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

குரலில் அவ்வளவு பணிவு. என் வீட்டில் என்னிடம் யாரும் இப்படி அனுமதி கேட்டதில்லை. பேசும்மா என்றேன்.

"சார், சிவகாசின்னு ஒரு ஊர் இருக்கு சார்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால் முழுத் தூக்கம் தூங்குவதற்குள் வந்துவிடும் ஊர். என் மனைவி பிறந்த ஊர். அப்படி ஒரு ஊர் இருப்பதை நான் மறக்க நினைத்த நாட்கள் உண்டு, மறக்க விட்டதில்லை.

"அங்க பட்டாசு ஃபேக்டரில சின்னக் குழந்தைங்க வேலை பார்க்கிறாங்க சார். நாங்க அவங்களைப் படிக்க வைக்கிறோம். வாட்ஸ்அப்ல படம் அனுப்பட்டுமா சார்?"

படம் வந்தது. கரி படிந்த கையோடு ஒரு பையன். அவன் பின்னால் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வாழைத்தோப்பு. வறண்ட இந்தக் கந்தக பூமியில் வாய்க்காலையும் வாழையையும் ஒரே படத்தில் காட்டியவர்களுக்கு அரசாங்கம் பாசனத் துறையைக் கொடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் பிள்ளைகள் வேலை பார்த்தது கட்டுக்கதை அல்ல. 1991இல் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 39 பேர் செத்தபோது உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணையில் இறங்கியது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் வந்த தீர்ப்பில், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அதில் வரும் வருமானம் அந்தக் குழந்தைக்கே சேர வேண்டும் என்றார்கள். பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பது தீர்ப்பிலேயே இருந்தது. எனக்கு வந்த போனில்தான் அது இல்லை.

"ஏம்மா, நான் ஐந்நூறு ரூபாய் குடுத்தா அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போகும்?"

"ஃபுல்லாவே போகும் சார்."

"அப்போ உனக்குச் சம்பளம்?"

"அது... ஆபீஸ்ல குடுப்பாங்க சார்."

"ஆபீஸுக்கு யாரும்மா குடுப்பாங்க?"

"மேனேஜர்கிட்ட கனெக்ட் பண்றேன் சார்."

இடையில் கொஞ்ச நேரம் புல்லாங்குழல் வாசித்தார்கள். அதற்கும் யாரோ காசு கொடுத்திருப்பார்கள். மேனேஜர் வந்ததும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "80ஜி இருக்கு சார், வரி விலக்கு கிடைக்கும்" என்றார். மண்டிப் புத்தி சும்மா இருக்குமா? ஐந்நூறு ரூபாயில் பாதிக்குத்தான் பெரும்பாலும் கழிவு, அதாவது 250. இருபது சதவீத வரி கட்டுகிறவருக்கு அதில் மிச்சம் ஐம்பது ரூபாய், செஸ்ஸையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டு. நாலு டீக்கு ஆகும். புதிய வரி முறைக்குப் போனவருக்கு அந்த டீயும் கிடையாது. எனக்கு வரியே கிடையாது என்றேன். "அப்படின்னா மனத்திருப்தி கிடைக்கும் சார்" என்றார்.

லைன் மறுபடி அந்தப் பெண்ணிடம் போனது. எந்த ஊரும்மா என்று கேட்டேன்.

"அருப்புக்கோட்டை பக்கம், அண்ணாச்சி."

'சார்' எங்கோ போய் 'அண்ணாச்சி' வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் பேசினாள். வேலை அந்தத் தொண்டு நிறுவனத்தில் இல்லையாம். அவர்களுக்காகப் போன் பேசிக் கொடுக்கும் கம்பெனியில். காலையில் இருதய ஆபரேஷன், மத்தியானம் சிவகாசிக் குழந்தை, சாயங்காலம் கிரெடிட் கார்டு. மாதம் இவ்வளவு என்று டார்கெட். எட்டாவிட்டால் இன்சென்டிவ் கட். நான் ஐந்நூறு கொடுத்திருந்தால் அது விருதுநகரில் கிளம்பி, சென்னையைச் சுற்றி, ஏதோ ஒரு பங்கு அவள் சம்பளமாக அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்திருக்கும். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு உதவுகிறோம் என்று அவர்கள் சொன்னது அந்த அளவில் உண்மைதான்.

இந்தத் தொழிலில் அமெரிக்காக்காரன் நமக்கு அண்ணன். 2015இல் அங்கே மத்திய வர்த்தக ஆணையமும் ஐம்பது மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. 2008 முதல் 2012 வரை அவை திரட்டியது 18 கோடியே 70 லட்சம் டாலர். நோயாளிக்குப் போனது சொற்பம். கார், உல்லாசக் கப்பல் பயணம், உடற்பயிற்சிக் கூடச் சந்தா, கல்லூரிக் கட்டணம் என்று போய், காதல் துணை தேடும் தளத்துக்குச் சந்தா கட்டியதும் அந்தப் பட்டியலில் இருந்தது. புற்றுநோய்க்கு என்று கொடுத்த காசில் ஒருவருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். இவர்களுக்காகப் பணம் திரட்டிய கம்பெனிகள் பல நேரம் நூற்றுக்கு 85ம் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. நூற்றுக்கு எண்பத்தைந்து தரகு! எங்கள் மண்டியில் இப்படிக் கேட்டால் போலீஸுக்குச் சொல்ல மாட்டார்கள், டாக்டருக்குச் சொல்வார்கள்.

2021இல் அங்கே இன்னொரு கம்பெனி பிடிபட்டது. 130 கோடி அழைப்பு, 11 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆள் பேசுவதற்குப் பதிலாகப் பதிவுசெய்த குரலைப் பொத்தான் அமுக்கி ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் 'ம்' என்றால் ஒரு பொத்தான், தயங்கினால் இன்னொரு பொத்தான். சில வசூல்களில் டாலருக்கு 90 சென்ட் வரை அவர்களே வைத்துக்கொண்டார்களாம்.

அந்த ஊர் உச்ச நீதிமன்றம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. கேட்காதபோதே தரகைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 1988இல் சொன்னது. கொடுப்பவரிடம் பொய்க் கணக்குச் சொன்னால் மோசடி வழக்குப் போடலாம் என்று 2003இல் சொன்னது. ஆக, கேட்டால்தான் உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 2015இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி நாட்டில் தொண்டு நிறுவனங்கள் 30 லட்சத்துக்கும் மேல், பள்ளிக்கூடங்களைவிட அதிகம். ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்தவை பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்கினால் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் 50 வரை போகலாம். உள்ளூர்ப் பணத்துக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. வெள்ளைக்காரன் கொடுத்த ரூபாய்க்கு வேலி போட்டார்கள், வெள்ளைச்சாமி கொடுத்த ரூபாய் திறந்த வெளியில் மேய்கிறது.

வெள்ளைச்சாமி உள்ளூரில் கொடுத்தால் கதையே வேறு. பங்குனிப் பொங்கலுக்குத் தெருப் பையன்கள் ரசீது புத்தகத்தோடு வருவார்கள். என் ஐந்நூறு ரூபாய் எங்கே போனது என்று நான் தேடியதே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். போதாததற்கு மைக்கில் என் பெயரை இனிஷியலோடு சொல்லி, தொகையையும் சொல்லி, எதிர் வீட்டுக்காரர் எழுநூறு கொடுத்ததையும் அடுத்தபடியாகச் சொல்வார்கள். இதைவிட வெளிப்படையான தணிக்கை எந்த ஆடிட்டரிடமும் கிடையாது.

அந்த ரசீது புத்தகம் சிவகாசியில் அச்சாவது. பட்டாசு வெடித்து முடிந்துவிடும், நாட்டின் காலண்டரும் ரசீதும் நோட்டீஸும் வருஷம் முழுக்க அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மைத்துனன் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது பார்த்திருக்கிறேன். ரசீது ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும் முதலில் கேட்பது, "நம்பர் போட்டா, போடாமலா?" நம்பர் போட்டால் தாளுக்குத் தாள் சிவப்பு மையில் எண் விழும். அடிக்கட்டையிலும் அதே எண். எத்தனை தாள் கிழிந்தது, எவ்வளவு வசூல் என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லிவிடலாம். "நம்பர் வேண்டாம்ணே, செலவு ஜாஸ்தி" என்கிற ஆட்களும் வருவார்கள். தர்மக் காசை மிச்சம் பிடிப்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

காமராஜரை இழுக்காமல் விருதுநகர்க்காரன் கட்டுரையை முடித்தால் ஊருக்குள் விடமாட்டார்கள். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது, ஊர் விருதுபட்டியாக இருந்த காலம். அதைப் பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்பார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைத்தார்கள், வந்து வாங்கிப்போனார்கள். கடைக்காரர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கட்டினார்கள். வசூலித்தவரும் அதே தெரு, கொடுத்தவரும் அதே தெரு, படித்த பிள்ளையும் அதே தெரு. ஒரு பிடி குறைந்தால் வாத்தியாருக்கு முன்னால் அடுப்படிக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பள்ளியில் நடந்ததாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரே அளவு காசு வாங்கினார்களாம். முண்டியடித்தவனுக்குக் கை நிறையப் பிரசாதம், ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம். 'நீயும் முட்டி மோதி வாங்கியிருக்கலாமே' என்று கேட்ட பாட்டியிடம், எல்லாரிடமும் சமமாக வாங்கினவர் சமமாகத்தானே கொடுக்க வேண்டும் என்றானாம் பையன். சுண்டலுக்குக் கணக்குக் கேட்ட ஊர் எங்கள் ஊர்.

ஆகவே, கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகக் கொடுங்கள். போனில் கேட்பவர் சம்பளத்துக்குப் பேசுகிற பிள்ளை, அதட்ட வேண்டாம். நூற்றுக்கு எத்தனை தரகு என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்றால், தெரிந்தவரை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் விருதுநகர்க்காரர் ஒருவர் கேட்கச் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். கஞ்சன் என்று நாங்கள் ஏற்கெனவே பெயரெடுத்தாயிற்று.