குப்பைக் குழாயும் சற்காரியவாதமும்

உள்ள பொருள் ஒருபோதும் இல்லாமற் போவதில்லை, வடிவம் மாறியேனும் வேறோரிடத்தில் இருந்தே தீரும் என்னும் கொள்கையைச் சற்காரியவாதம் என்ற பெயரில் சைவ சித்தாந்த நூல்கள் விரிவாக நிலைநாட்டியுள்ளன. அந்தச் சித்தாந்தத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து, ஹைகேட்டிலும் ஈஸ்ட்ஹாமிலும் முருகனுக்குக் கோயில் எழுப்பி வழிபடும் லண்டன் தமிழர், தாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் நடைவழியில் உள்ள ஒரு சிறு இரும்புக் கதவைத் திறந்து மூடும் சில நொடிகளில் மட்டும் அதை முற்றாகக் கைவிட்டுவிடுகின்றனர். கதவுக்குள் போனது போயே போயிற்று என்பது அவ்விடத்துத் தத்துவம். இவ்விடயத்தில் ஆங்கிலேயர், சோமாலியர், வங்காளியர், போலந்துக்காரர் ஆகிய அயல்வீட்டாருக்கும் தமிழருக்கும் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. பல்லினச் சமூகத்தின் ஒற்றுமைக்கு இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது.

குப்பைக் குழாய் என்பது கட்டடத்தின் உச்சியிலிருந்து அடித்தளம் வரை செங்குத்தாக இறங்கும், மாடிதோறும் ஒரு வாயும் அடியில் ஒரு தொட்டியும் கொண்ட நெடுங்குழல். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்குத் துணையாக அரசு வெளியிடும் வழிகாட்டிகளுள் 'எச்' என்னும் எழுத்துக்குரிய ஏடு, இக்குழல் குறைந்தது 450 மில்லிமீட்டர் விட்டமும், ஈரத்தை உறிஞ்சாத வழவழப்பான உட்சுவரும், வீடுகள் உள்ள ஒவ்வொரு மாடியிலும் இறுக மூடும் கதவும், மேலும் கீழும் காற்றோட்டமும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. அடியில் நிற்பது பெரும்பாலும் 1,100 லிட்டர் கொள்ளும் சக்கரத் தொட்டி. இந்த எண்களுள் குடியிருப்போர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது 450 ஒன்றே. ஏனெனில் லண்டன் தமிழ் வீடுகளில் குப்பைப் பையாக மறுபிறவி எடுக்கும் 10 கிலோ அரிசிப் பை, வயிறு முட்ட நிரம்பிய நிலையில் இந்த எண்ணோடு மல்லுக்கு நிற்கும் தகுதி உடையது.

தடை எதுவுமின்றி 50 மீட்டர் விழும் பொருள், முடிவில் மணிக்கு ஏறத்தாழ 112 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். பிரித்தானிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகமும், மணிக்கு 70 மைல் என்ற கணக்கில், ஏறத்தாழ இதுவேயாகும். காற்றும் குழலின் சுவரும் உராய்ந்து வேகத்தைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், பதினேழாம் மாடியிலிருந்து புறப்படும் தேங்காய்ச் சிரட்டை, சாரதி உரிமமோ காப்புறுதியோ கேட்கப்படாத, வேகக் கமெரா பொருத்தப்படாத ஒரு பாதையில் பயணம் செய்கிறது என்பதை மறுக்க இயலாது. கண்ணாடிப் போத்தலைக் குழாயில் போடக் கூடாது, பையின் வாயைக் கட்டாமல் போடக் கூடாது என்னும் விதிகள் இப்பயணத்தின் மறுமுனையை எண்ணி எழுதப்பட்டவை; அங்கே நிரம்பிய தொட்டியை இழுத்துவிட்டு வெறுந்தொட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பராமரிப்புத் தொழிலாளி நிற்கக்கூடும்.

ஓசையைப் பற்றியும் சட்டம் சிந்தித்திருக்கிறது. ஒலித் தடுப்புக்குரிய 'ஈ' ஏடு, படுக்கையறை போன்ற வசிப்பறைக்கும் குப்பைக் குழாய்க்கும் இடையே உள்ள சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 1,320 கிலோகிராம் நிறை உடையதாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. இரு வீடுகளைப் பிரிக்கும் கட்டுச் சுவருக்கு அதே ஏடு தரும் மாதிரி அளவு 415 கிலோகிராம். அயல்வீட்டாரின் குடும்பச் சண்டையைத் தடுக்க 415 போதும் என்று கருதிய அதிகாரிகள், அதே வீட்டாரின் முருங்கைக்காய்ச் சக்கையைத் தடுக்க மும்மடங்குக்கும் மேல் வேண்டும் என முடிவு செய்திருப்பது, அவர்கள் அடுக்குமாடியில் வாழ்ந்து பார்த்த பின்னரே பேனாவை எடுத்தனர் என்ற ஐயத்தை எழுப்புகிறது. இவ்விதிகளுக்கு முன்பே எழுந்த கட்டடங்களில் இத்தகைய சுவரை எதிர்பார்க்க முடியாது. ஆகையால் இரவில் குழாயைப் பயன்படுத்த வேண்டாம் என்ற அறிவித்தலே அங்கு சுவரின் வேலையைப் பார்க்கிறது. வளைகாப்பு விருந்து முடிந்து நள்ளிரவில் பாத்திரம் கழுவும் வீடுகளில் அந்தச் சுவர் அவ்வளவு கனமானதன்று.

கட்டடக்கலைஞர் ஏர்னோ கோல்ட்ஃபிங்கர் இச்சிக்கலைத் துணிவாகத் தீர்த்தார். பொப்லர் பகுதியில் 1967இல் முடிந்த பால்ஃப்ரன் கோபுரத்திலும், வட கென்சிங்டனில் 1972இல் எழுந்த 31 மாடி டிரெலிக் கோபுரத்திலும், மின்தூக்கியையும் குப்பைக் குழாயையும் வீடுகளிலிருந்து விலக்கி ஒல்லியான தனிக் கோபுரத்தில் வைத்து, நடைபாலங்களால் இணைத்தார். ஜேம்ஸ் பாண்ட் கதை ஒன்றின் வில்லனுக்கு இயன் ஃபிளெமிங் இவருடைய குடும்பப் பெயரையே சூட்டினார். ஆனால் தாம் கட்டியதில் தாமே வசித்துப் பார்க்கும் துணிவு வில்லன்களிடம் காணப்படும் குணமன்று. 1968இல் மனைவியோடு பால்ஃப்ரன் கோபுரத்தின் உச்சியில் சுமார் இரண்டு மாதம் குடியிருந்து, அயலாரை ஷாம்பெய்ன் விருந்துக்கு அழைத்துக் குறைகளைக் கேட்டறிந்த பின், ஹாம்ஸ்டெட்டில் தமக்கெனக் கட்டிக்கொண்ட தாழ்ந்த வீட்டுக்கு அவர் திரும்பினார்.

குழாயின் நுட்பம் முழுவதும் அதன் வாயில் உள்ளது. முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் இழுப்பறை போன்ற அந்த வாய், திறந்திருக்கும்போது தன் பின்தகட்டால் குழலை மறைத்துக்கொள்கிறது. மூடும்போதே பை உள்ளே சரிகிறது. மேலிருந்து வருவது முகத்தில் விழாமலும், குழந்தைகள் எட்டிப் பார்க்க முடியாமலும் இருப்பதற்கான ஏற்பாடு இது. இழுப்பறையில் அடங்குவதே குழலில் இறங்கும், அடங்காதது இறங்காது என்பதும் அதன் உட்பொருள். ஆயினும் பீட்சா அட்டைப் பெட்டியையோ, பலாப்பழச் சடையையோ, மேற்கூறிய அரிசிப் பையையோ ஏந்தி நிற்பவர் இதைத் தமக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகவே கொள்கிறார். முதலில் கை, அடுத்து முழங்கை, பின்னர் விளக்குமாற்றுக் கட்டை என்று முயற்சி வளர்ந்து, நிறைவில் விளக்குமாறும் பையைத் தொடர்ந்து சென்று குறுக்கே சிக்கிக்கொள்வதுண்டு.

அவ்வாறு ஏற்படும் அடைப்பின் சமூகவியல் தனியாக ஆராயத்தக்கது. அடைத்த மாடிக்குக் கீழே வசிப்போர் அதை அறிவதே இல்லை. மேலே வசிப்போர் தத்தம் மாடி வரை குப்பை உயர்ந்து வந்து கதவைத் தட்டும் வரை அறிவதில்லை. அடைத்தவரோ அறிந்தும் சொல்வதில்லை. கவுன்சிலுக்குத் தொலைபேசியில் அறிவிக்கும் பொறுப்பு இதனால் எவருக்கும் உரியதாகாமல் நாட்கள் கழிய, பைகள் ஒவ்வொன்றாகக் கதவின் அடியில், 'இங்கே குப்பை வைக்காதீர்' என்ற பலகைக்கு நேர்கீழே, வரிசையாக அமர்கின்றன. செய்ய வேண்டியது சிறிது: வாய் மூடவில்லை என்றால் பையை வெளியே எடுத்து, மின்தூக்கியில் கீழே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, அடைப்பை அறிவிக்க வேண்டும், கையையோ தலையையோ உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது.

குழலுக்கு மாற்றுகளும் லண்டனில் உண்டு. பிரெஞ்சுக்காரரான லூயி கார்ஷே வகுத்த முறையில், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலுள்ள அறையில் மீன்முள்ளும் சிறு தகரப் பேணியும் சேர்ந்து, அடைப்பானைத் தூக்கியதும் நீரோடு இறங்கிவிடும். ஃபின்ஸ்பரியின் ஸ்பா கிரீன் குடியிருப்பும் பார்பிகனும் இதைப் பொருத்திக்கொண்டன. தமிழ்க் கடைகள் நிறைந்த ஈலிங் வீதிக்குத் தொலைவில் அல்லாத வெம்ப்ளி பார்க்கிலோ, 2008 முதல் என்வாக் என்னும் சுவீடிய நிறுவனத்தின் காற்றுறிஞ்சு முறை இயங்குகிறது. நிலத்தடிக் குழாய்களில் பைகள் மணிக்கு 70 கிலோமீட்டரளவு வேகத்தில் இழுக்கப்படுவதால், அங்கே குப்பையும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு உட்பட்டே செல்கிறது.

நகைப்புக்கு இடமில்லாத பகுதி தீ. மேலும் கீழும் காற்றோட்டமுள்ள நெடுங்குழல் புகைபோக்கியின் இயல்பையே கொண்டது. அடியில் பற்றும் பொறியை அது தானே ஊதி வளர்க்கும். இதைத் தடுக்க, 70 பாகை செல்சியஸ் அளவில் உருகும் உலோகத் துண்டொன்று தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தகட்டைப் பல குழல்களின் அடியில் பொருத்துகின்றனர். துண்டு உருகினால் தகடு சரிந்து குழலை மூடும். தொட்டி வழிந்து குப்பை குழலுக்குள் ஏறி நின்றாலோ, தகடு மூட இடமிருக்காது. ஆதலால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக் கரியை, அணைந்துவிட்டது என்ற நம்பிக்கையில், நீர் தெளிக்காமல் குழாயில் இடுவது பக்தியின் பகுதியாகாது. சிகரெட் துண்டுக்கும் இதுவே விதி. லித்தியம் பேட்டரிக்குப் பொறியே தேவையில்லை, நசுங்கினாலே போதும். ஒருமுறை புகைத்து எறியும் வேப் கருவிகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டாலும், மேசை இழுப்பறைகளில் கிடப்பவற்றைத் தடை எட்டுவதில்லை. ஆண்டுக்கு 32 கிலோகிராமோ அதற்கு மேலோ கைப்பேட்டரிகளை விற்கும் கடைகள், பழையவற்றை இலவசமாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது 2010 பெப்ரவரியிலிருந்து ஐக்கிய இராச்சியத்தின் சட்டம். பெரிய அங்காடிகளின் வாசலருகே அதற்கென ஒரு பெட்டி இருக்கும், வாசகர் அடுத்த முறை அரிசி வாங்கப் போகும்போது பேட்டரிகளையும் எடுத்துச் செல்லலாம்.